பாரைக் காப்பவர் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி ஒருவர்)

பவளம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது நகைக்கடை. நவமணிகளுள் ஒன்றாகப் போற்றப்படும் அந்தச் செம்பவளம் மத்தியதரைக் கடல் போன்ற தொலைதூரக் கடல்களிலிருந்து வருவது. நம் கரைக்கு அருகே, கதிரவன் ஒளி அடிவரை பாயும் தெளிந்த நீரில் வாழும் பவளம் வேறு. அதைக் காதில் அணிய முடியாது; கழுத்தில் கோத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் அதை நம்பி மீன் வாழ்கிறது. மீனை நம்பி மனிதன் வாழ்கிறான். உலகக் கடல்களின் அடித்தளத்தில் பவளப்பாறைகள் இருக்கும் இடம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தம் வாழ்நாளில் எப்போதாவது இந்தப் பாறைகளை அண்டி வாழ்கின்றனவாம். என்னே இயற்கையின் விந்தை!

இராமநாதபுரம் கடற்கரை மீனவர்கள் கடலடிப் பாறையைப் ‘பார்’ என்று அழைக்கிறார்கள். தமிழில் பார் என்றால் உலகம் என்றும் பொருள் உண்டு. அந்தப் பாரைப் பார்த்து வந்த எனக்கு, இரண்டு பொருளும் ஒன்றே என்று தோன்றுகிறது. அதைக் காப்பவர் யார் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அதுபற்றி எழுதவே இக்கட்டுரை.

வகுப்பில் பிறந்த கேள்வி

சென்ற பிப்ரவரித் திங்களில் எங்கள் துறையின் சார்பில் பாம்பனுக்குக் கல்விச் சுற்றுலா செல்வதென முடிவாயிற்று. புறப்படுவதற்கு முதல் வாரம் எங்கள் பேராசிரியர் வகுப்பில் இரண்டு தீவுகளின் கதையைச் சொன்னார். இரண்டும் பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ளவை. ஒன்றின் பெயர் சுமிலோன். மற்றொன்றின் பெயர் ஆப்போ. இரண்டிலும் பவளப்பாறைகள் உண்டு. சில்லிமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சல் அல்கலா என்னும் கடலியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் இரு தீவுகளிலும் பாறையின் ஒரு பகுதியை மீன்பிடிக்காமல் ஒதுக்கிவைக்க முயன்றார்கள்.

சுமிலோனில் 1974-ஆம் ஆண்டு காப்பகம் ஏற்பட்டது. பத்தாண்டுகள் நன்றாகவே நடந்தது. ஆனால் உள்ளூர் மக்களின் உறுதியான ஆதரவு அதற்குக் கிட்டவில்லை. 1984-இல் காவல் குலைந்தது. காப்பகத்துக்குள் வலை இறங்கியது. புதிய இடமும் கிடைத்துவிட்டதே, மீன் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமல்லவா? நேர்மாறாக, தீவைச் சுற்றிக் கிடைத்துவந்த மீனே குறைந்துபோயிற்று. காப்பகத்தில் பெருகிய மீன்தான் வெளியே வந்து வலையில் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கிற்று.

ஆப்போவில் நடந்தது வேறு. அங்கே அறிஞர்கள் முதலில் மீனவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 1982-இல் தீவின் ஓரத்தில் சுமார் அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பகுதியை ‘இங்கே பிடிப்பதில்லை’ என்று ஊரே ஒதுக்கிற்று. 1985-இல் அது உள்ளாட்சியின் சட்டமும் ஆயிற்று. காவல் காத்தவர்கள் அந்த ஊர் மீனவர்களே. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே மீன் பெருத்தது. எல்லைக்கு வெளியே தூண்டில் போட்டவர்களுக்கும் நல்ல மீன் கிடைத்தது.

கதையை முடித்துவிட்டுப் பேராசிரியர் கேட்டார்: “நம் மன்னார் வளைகுடா எந்தத் தீவைப் போன்றது? சுமிலோனா, ஆப்போவா? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.” அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் முப்பத்திரண்டு பேர் பேருந்தில் ஏறினோம்.

தென்கடலை நோக்கி

இரவு முழுதும் பயணம். ஊரைத் தாண்டாத பலருக்கு அது முதல் நெடும்பயணம். பாட்டும் அரட்டையும் நள்ளிரவில் ஓய்ந்தன. விடியும்போது மண்டபம் வந்துவிட்டது. இந்தச் சிற்றூருக்குக் கடலியல் வரலாற்றில் பெரும் இடமுண்டு. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தது. பின்னர்தான் கொச்சிக்கு மாறியது. இன்றும் அதன் மையம் ஒன்று இங்கே இயங்குகிறது.

மண்டபத்தைத் தாண்டியதும் பாம்பன் பாலம். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் பேருந்து மெல்ல ஊர்ந்தது. 1914-இல் பிறந்த பழைய ரயில் பாலம் ஓய்வு பெற்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வரும்போது செங்குத்தாக மேலே உயர்ந்து வழிவிடுமாம். எல்லோரும் அதைப் பார்க்க ஒரு பக்கம் சாய்ந்தோம். எனக்கோ இரு பக்கக் கடலும் இரண்டு விதமாக இருந்ததுதான் வியப்பாயிருந்தது. இடப்புறம் பாக் நீரிணை. வலப்புறம் மன்னார் வளைகுடா. உள்ளூரார் வடகடல், தென்கடல் என்று எளிமையாகச் சொல்கிறார்கள். வாடைக்காற்று இன்னும் முழுதும் ஓயாததால் வடகடல் நுரைத்துக்கொண்டிருந்தது. தென்கடல் குளம்போல் கிடந்தது.

அந்தத் தென்கடலில்தான் இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 சிறு தீவுகள் மணி கோத்தாற்போல் வரிசையாக உள்ளன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ஆம் ஆண்டு இந்தத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் சேர்ந்து ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் அதையும் உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல், தலையாரி, வாலை, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, வான் தீவு! பெயரிலேயே கவிதை. இவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு இன்று நீருக்கு அடியில். கவிதையிலே இரண்டு அடிகள் அழிந்துவிட்டன.

குருசடைத் தீவில்

குந்துகால் துறையில் படகேறினோம். விவேகானந்தர் மேலைநாடுகளில் வெற்றி முழக்கம் செய்துவிட்டு 1897 ஜனவரி 26-ஆம் நாள் தாய்நாட்டு மண்ணில் காலடி வைத்த இடம் இதுதான். அங்கே அவருக்கு நினைவிடம் எழுப்பியிருக்கிறார்கள். வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். படகு செலுத்தியவரும் வழிகாட்ட வந்த இளைஞரும் பக்கத்துக் குப்பத்து மீனவர்கள். சுற்றுலாவை நடத்துவதில் உள்ளூர்ச் சூழல் மேம்பாட்டுக் குழுவுக்கும் பங்குண்டு என்று அந்த இளைஞர் சொன்னார்.

குருசடைத் தீவு என்பது நம் போன்ற விலங்கியல் மாணவர்களுக்குக் காசி, இராமேசுவரம் போன்றது. தீவில் இருந்த குருசடியால், அதாவது சிலுவைக் கோயிலால், அதற்கு இப்பெயர் வந்தது என்பர். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையே பாலம்போல் நிற்பதாக நாம் படிக்கிறோமே பலனோகிளாசஸ், அதன் இனத்தைச் சேர்ந்த டைகோடெரா என்னும் புழு இத்தீவின் மணலில் வாழ்கிறது. செய்முறை ஏட்டில் எத்தனை முறை அதை வரைந்து, பாகங்களைக் குறித்து, கையெழுத்து வாங்கியிருப்போம்! அது வாழும் மணலில் நாங்கள் நின்றோம்.

தீவைச் சுற்றிவரும்போது ஆழம் குறைந்த ஓரிடத்தில் படகோட்டி விசையை நிறுத்தினார். நங்கூரத்தைப் பாறைமேல் போடாமல், தள்ளி மணல் திட்டில் போட்டார். “பார் மேல போட்டா உடைஞ்சுரும்” என்றார். பிறகு அடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டியை நீரில் அமிழ்த்தி, “ஒவ்வொருத்தரா பாருங்க தாயி” என்று எங்களை அழைத்தார்.

கண்கொள்ளாக் காட்சி! உருண்டைப் பாறைபோல் ஒன்று. மனித மூளைபோல் மடிப்பு மடிப்பாக ஒன்று. மான்கொம்புபோல் கிளைத்த ஒன்று. மஞ்சளும் கறுப்புமாய் வண்ணத்துப்பூச்சி மீன்கள். அலகால் பாறையைச் சுரண்டிய கிளிமீன் ஒன்று. கடல் அட்டை ஒன்று மணலில் சோம்பிக் கிடந்தது. 2007-இல் வெளிவந்த கணக்குப்படி இவ்வளைகுடாவில் 117 வகைப் பவளங்கள் உண்டு. அவற்றுள் ஏழெட்டையாவது என் கண்கள் கண்டிருக்கும்.

இந்தப் பாறை எப்படி உண்டாகிறது? பவளம் ஒரு விலங்கு. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு குழியுடலிகள் கூடி வாழும் கூட்டுக் குடும்பம். ஒவ்வொன்றும் தன்னடியில் சுண்ணாம்புக் கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. அதில் பெரும்பங்கை வீட்டுக்கார விலங்குக்கு வாடகையாகத் தருகிறது. பவளத்தின் வண்ணத்தில் பெரும்பகுதி இந்தப் பாசியினுடையது. கிளைப்பவளம் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரும். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நான் பார்த்த உருண்டைப் பாறை அரை ஆள் உயரம் இருக்கும். அது தோன்றியபோது என் பாட்டி பிறந்திருக்கவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பாரின் காயங்கள்

அழகை மட்டும் சொல்லி நிறுத்தினால் உண்மையை மறைத்தவளாவேன். அதே கண்ணாடி வழியே சாம்பல் நிறத்தில் உடைந்து கிடந்த கொம்புகளையும் பார்த்தோம். அவற்றின்மேல் பாசி படர்ந்திருந்தது. அறுந்த வலைத்துண்டு ஒன்று பாறையைச் சுற்றிக் கிடந்தது.

ஒரு காலத்தில் இந்தப் பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். கல் எடுப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலிக்கும் யானைக்கும் உரிய இடத்தில், சேர்க்கப்பட்டன. அதன் பின்னும் தூத்துக்குடிப் பக்கம் கல் எடுப்பது முற்றாக நிற்க 2005-ஆம் ஆண்டு ஆயிற்று. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோதுதான் கரைக்கு வேலியாக நிற்பது எது என்பதைப் பலரும் எண்ணிப் பார்த்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014-இல் சுமார் 2 ஹெக்டேர்தான் எஞ்சியது. வேலியைப் பிடுங்கினால் வயல் கரையாமல் என்ன செய்யும்? அதன்பின் அங்கே செயற்கைப் பாறைகளை இறக்கித் தீவைக் காக்க முயன்று வருகிறார்கள்.

அடுத்த காயம் வெப்பம். கடல்நீரின் சூடு 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பல நாள் நீடித்தால், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி வெளியேறிவிடுகிறது. வாடகைதாரர் போனபின் வீடு வெளுத்துப்போகிறது. வெளுப்பு நீடித்தால் பவளம் பட்டினியால் சாகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பெரும் வெளுப்பு ஏற்பட்டது.

மூன்றாவது காயத்தின் கதை வேடிக்கையானது. பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரிய கப்பாபைகஸ் என்னும் செம்பாசியை 1990-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். மீனவப் பெண்கள் மிதவைகளில் கட்டி வளர்த்தால் வருமானம் வரும் என்பது நோக்கம். வருமானமும் வந்தது. ஆனால் பாசி மிதவையோடு நிற்கவில்லை. 2008-இல் குருசடைத் தீவின் பவளங்களை அது போர்வைபோல் மூடியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வெயில் படாமல் அடியிலிருந்த பவளம் மடிந்தது. பிறகு அதைக் கையால் பிடுங்கி அகற்ற வேண்டியதாயிற்று. நல்ல எண்ணம் மட்டும் போதாது, கடலை அறிந்தவர்களையும் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சின்னப்பாலத்துப் பெண்கள்

பிற்பகல் பேராசிரியர் எங்களைப் பக்கத்திலிருக்கும் சின்னப்பாலம் என்னும் மீனவக் குப்பத்துக்கு அழைத்துச் சென்றார். பனையோலைக் கூரைகளும் காரை வீடுகளும் கலந்த ஊர். இவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். அகர் என்னும் பசைப்பொருள் செய்ய உதவும் மரிக்கொழுந்துப் பாசி, ஆல்ஜினேட் செய்ய உதவும் கட்டக்கோரை இரண்டும் முக்கியமானவை. நம் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றுகிறோமே, அந்த அகர் இத்தகைய பாசியிலிருந்து வருவதுதான். அதன் பின்னால் ஒரு பெண்ணின் மூச்சடக்கம் இருக்கிறது என்பது பாடநூலில் இல்லை.

வேப்பமர நிழலில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வலைப்பை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் அருகில் அமர்ந்தோம்.

“என்னம்மா, கடல் இவ்வளவு தெளிவா இருக்கே, நீங்க போகலையா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு அட்டமில்ல தாயி? பாசிக்குப் போற நாளில்ல” என்றார்.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் இவர்கள் பாசி எடுப்பார்களாம். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அந்நாட்களில் நீர் நன்றாக வற்றும், மூழ்குவது எளிது. “மத்த நாளும் முங்கலாந்தான். ஆனா எடுக்கிறதில்ல. அதுக்கும் வளர நேரம் வேணுமில்ல?” என்றார். இதுமட்டுமன்று. பாசி பெருகும் காலத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவத்தில், நாற்பத்தைந்து நாள் கடலுக்கே போவதில்லை. முன்பு சிலர் இரும்புச் சுரண்டியால் பாசியை வழித்தெடுத்தார்கள். சுரண்டினால் பாசியின் அடியும் போகும், பாரும் பெயரும். அதனால் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் மட்டுமே பறிப்பதென்று பெண்களே கூடி முடிவு செய்தார்கள்.

“யாரு சொல்லிக் கொடுத்தாங்க?” என்று என் தோழி கேட்டாள்.

“யாரு சொல்லணும்? பாசி இல்லாட்டி எங்களுக்குத்தானே கஞ்சி இல்ல” என்று சிரித்தார்.

முகத்தில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை, விரல்களில் சுற்றிய கந்தல் துணி. அவர்களுடைய கருவிகள் இவ்வளவே. அவர் தம் கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகளெல்லாம் பாறை கிழித்த தழும்புகள். நாற்று நட்டுச் சேற்றுப்புண் வந்த என் அம்மாவின் விரல்கள் என் கண்முன் வந்தன.

இவர்களுக்குத் துயரமும் உண்டு. இவர்கள் பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த தீவோரங்கள் 1986-க்குப் பிறகு பூங்காவின் எல்லைக்குள் வந்துவிட்டன. நேற்றுவரை வேலை செய்த இடத்தில் இன்று நுழைந்தால் குற்றம். “பிடிச்சுட்டுப் போயி நிறுத்தி வெச்சிருக்காங்க. பாசியக் கொட்டச் சொல்லுவாங்க, தண்டம் கட்டச் சொல்லுவாங்க. கல்லு வெட்டுனவனும் நாங்களும் ஒண்ணா தாயி?” என்று கேட்டார். கேள்வியில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

இப்பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை. பல ஊர்ப் பெண்களும் சேர்ந்து அமைப்பாகத் திரண்டார்கள்; தங்களுக்கென அடையாள அட்டை வேண்டும் என்று கேட்டார்கள்; எங்கள் விதிகளைப் பாருங்கள், பிறகு பேசுங்கள் என்றார்கள். இவ்வூரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்னும் பெண்மணிக்கு 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சீகாலஜி என்னும் அமைப்பு தன் பரிசை வழங்கியது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அளிக்கப்படும் பரிசு அது. கடலில் மூழ்கிப் பாசி பறித்த கை உலக மேடையில் பரிசு வாங்கியது. நம் தமிழகத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பேருந்தில் நடந்த பட்டிமன்றம்

திரும்பும் வழியில் பேராசிரியரின் கேள்வி எங்களுக்குள் பட்டிமன்றமாக வெடித்தது.

“சட்டமும் காவலும் இல்லாமல் எதுவும் நிற்காது. பாறையை வெட்டி விற்றவர்களும் இந்தக் கடற்கரையில் வாழ்ந்தவர்கள்தானே? பசி வந்தால் எல்லா விதியும் பறந்துவிடும்” என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் உண்மை இருக்கிறது. பவளம் முதல் அட்டவணையில் இடம்பெறாமல் இருந்திருந்தால் இன்று நாங்கள் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

“560 சதுர கிலோமீட்டர் கடலுக்கு எத்தனை காவலர் போட முடியும்? இரவு பகலாக நீரில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள்தான். அவர்கள் கண்ணைமூடிக்கொண்டால் எந்தச் சட்டம் பார்க்கப் போகிறது?” என்றான் வேறொருவன். அதிலும் உண்மை இருக்கிறது.

என் கருத்தை நானும் சொன்னேன். நம் வளைகுடா முழுதும் சுமிலோனும் அல்ல, முழுதும் ஆப்போவும் அல்ல. இங்கே இரண்டு காவல்கள் தனித்தனியே நடக்கின்றன. ஒன்று ஏட்டில் எழுதிய காவல். அதற்கு எல்லை உண்டு, அதிகாரம் உண்டு, படகு உண்டு. மற்றொன்று எழுதாத காவல். அதற்கு அமாவாசையும் பௌர்ணமியும் தெரியும், நீரோட்டம் தெரியும், பாசி எத்தனை நாளில் வளரும் என்பது தெரியும். முதல் காவலுக்கு இரண்டாவதன் கண் இல்லை. இரண்டாவதற்கு முதல் காவலின் கை இல்லை. வெளியூர் ஆள் ஒருவன் சுரண்டியோடு வந்து பாரைப் பெயர்த்தால், தடைசெய்யப்பட்ட இடத்தில் மூழ்கிய பெண் எந்த முகத்தோடு போய்ப் புகார் கொடுப்பாள்? அவளையும் அல்லவா முதலில் பிடித்து வைப்பார்கள்! ஊராரின் விதி எழுத்தில் ஏறாதவரை அது ஊராரின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பி நிற்கும். பசி மிகுந்த ஆண்டு ஒன்று வந்தால் அந்த நல்லெண்ணம் எத்தனை நாள் தாங்கும்?

ஆப்போவின் சிறப்பு, ஊர் முதலில் முடிவு செய்தது, சட்டம் அதன்பின் வந்து ஊரின் முடிவுக்கு முத்திரை குத்தியது என்பதில் இருக்கிறது. இங்கே சட்டம் முதலில் வந்துவிட்டது. அதனால் குறையில்லை. ஊரின் முடிவைச் சட்டம் இப்போதும் கேட்கலாம். பன்னிரண்டு நாள், நாற்பத்தைந்து நாள், கையால் மட்டும் பறித்தல் என்னும் மூன்று விதிகளையும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, பாசி எடுக்கும் பெண்களையே பாரின் காவலராகவும் ஏற்றுக்கொண்டால் என்ன? குருசடையில் படகோட்டி நங்கூரத்தை மணலில் போட்டாரே, அவரை அதிகாரி யாரும் அப்போது பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார் உயிரோடிருந்தால்தான் நாளைக்கும் ஆள் வருவார்கள், தமக்கும் கூலி வரும் என்று அவருக்குத் தெரியும். காப்பவனுக்கும் பங்கு உண்டு என்றால் காவல் தானே நடக்கும்.

மாணவர்களாகிய நமக்கும் இதில் வேலை இருக்கிறது. சின்னப்பாலத்து அம்மாளிடம் விடைபெறும்போது அவர், “நல்லாப் படி தாயி. படிச்சுட்டு எங்க கடல்ல வந்து அளந்து பாரு. நாங்க வாயால சொல்றத எவரும் எழுதிக்கிறதில்ல” என்றார். ஓய்வு தந்த பகுதியில் பாசி எவ்வளவு வளர்கிறது, தராத பகுதியில் எவ்வளவு. கையால் பறித்த பாறையில் பவளம் எப்படி இருக்கிறது, சுரண்டிய பாறையில் எப்படி. கயிறும் அளவுகோலும் குறிப்பேடும் இருந்தால் அந்தப் பெண்களின் உதவியோடு ஒரு கல்லூரி மாணவர் குழுவே ஆண்டுதோறும் எடுக்கக்கூடிய கணக்கு இது. அவர்கள் அறிந்ததை எண்ணாலும் எழுத்தாலும் மெய்ப்பித்துக் காட்டினால், அதைத் தள்ளிவிட யாராலும் முடியாது. பட்டம் பெற்றதும் வேலைக்கு விண்ணப்பம் எழுதப் போகும் நம் கைகள், அதற்கு முன் இந்த ஒரு கணக்கை எழுதலாம் அல்லவா?

பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது அவர், “அடுத்த சுற்றுலாவுக்கு அளவு நாடாவையும் எடுத்துக்கொள்வோம்” என்றார். சொன்னபடியே துறைத் தேவைப் பட்டியலில் ஐம்பது மீட்டர் நாடா இரண்டு சேர்ந்திருக்கின்றன. இளைய வகுப்புத் தோழர்களே, அவை வந்து சேர்ந்ததும் அலமாரியில் தூங்க விட்டுவிடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி பார்த்து நாள் குறியுங்கள். போகும்போது கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று எண்ணாமல், கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று எண்ணிப் போங்கள். பாரைக் காப்பவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக நாமும் நிற்போம்!